ஓடிப் பழகுகின்றது, முந்திச் செல்க

நான் கைப்பட எழுதிய மூன்று பக்கக் கடிதம் ஒன்றுதான் என்னைக் கண்டிக்கு இழுத்துச் சென்றது. பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். எழுத்தில் கொடுத்த சொல்லை நேரில் நின்று காப்பாற்றுவது என் கடமை என்று வீட்டில் அறிவித்தேன். "ஊர் சுத்திட்டு வாரேன்னு சொன்னாலும் நான் தடுக்கப் போறதில்ல" என்றாள் மனைவி. அவளுக்கு மேற்கொண்டு விளக்கவில்லை.

கடிதத்தின் வரலாறு சுருக்கமானது. கண்டியைச் சேர்ந்த சேவியர் என்னோடு கல்லூரியில் படித்தவர். ஊர் திரும்பிக் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் நாற்பது வயதைக் கடந்த ஜெர்மன் வான் ஒன்றை, அதாவது எங்கள் ஊர் வேனை, வாங்கினார். உள்ளே மடக்குக் கட்டில், சிறிய அடுப்பு, ஓர் அலுமாரி, பின்புறத்தில் எஞ்சின். அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றே அதைக் குளிர்விக்கும். அது தேய்ந்து புகை கக்கத் தொடங்கியபோது, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டச் சொன்னார்கள். சேவியர் என் கருத்தைக் கேட்டார். நான் பழைய எஞ்சினின் பக்கம் நின்றேன். புதிய பிஸ்டன், புதிய ரிங், செம்மை செய்த வால்வு ஆகியவற்றோடு மறுபடி கட்டினால் அது பிறந்த நாளில் இருந்த வலுவோடு இழுக்கும் என்று எழுதி, ஒரு வாக்கியத்தை அடிக்கோடும் இட்டேன்: "மடுல்கெல்ல ஏற்றம் முழுவதையும் இரண்டாம் கியரிலேயே ஏறி முடிக்கும்." மடுல்கெல்ல என்னும் அந்த மலையூரை நான் அப்போது பார்த்ததில்லை. வரைபடத்தைக் கொண்டு கணக்கிட்டிருந்தேன்.

சேவியர் என்னை நம்பி எஞ்சினை மறுபடி கட்டுவித்தார். இருநூறு கிலோமீட்டர் ஓட்டியதும் கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்தது; வண்டி ஓட்டக் கூடாதென்று மருத்துவர் தடுத்துவிட்டார். சேவியரின் மனைவி புஷ்பம் அதற்குள் ஒரு கெடு வைத்துவிட்டார். வரும் சனிக்கிழமை, ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு, மடுல்கெல்ல கோவில்வரை வான் எங்கும் நிற்காமல் ஏற வேண்டும். நின்றால், பல்லேகலயில் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது விற்கப்படும். அவர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கிரிக்கெட் மைதானத்தின் அருகே அதைப் பொரித்த ரோல்ஸும் தேநீரும் விற்கும் கடையாக நிறுத்துவார்.

"மச்சான், நீ எழுதினதுதானே. நீயே வந்து ஓடு" என்றார் சேவியர் தொலைபேசியில்.

எங்கள் ஊரில் மனிதன் வண்டியை ஓட்டுவான், வண்டி ஓடும். அவர்கள் ஊரில் மனிதனே வண்டி ஓடுவான். இந்தச் சிறு வேறுபாட்டை அன்றே ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தால், பின்னர் நேர்ந்தவை நேர்ந்திரா.

முதல் நாள் காலை. "கதிரையில இருங்கோ அண்ணை" என்று உபசரித்து, இடியப்பமும் சொதியும் சிவந்த தேங்காய்ச் சம்பலும் பரிமாறினார் புஷ்பம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் தமிழாசிரியராக இருந்தவர். சம்பலை மூன்று முறை கேட்டு வாங்கி உண்டேன். அதில் மாசிக் கருவாடு இடித்துப் போடப்பட்டிருக்கிறது என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. நான் பிறவிச் சைவன். என் மனைவி இக்கட்டுரையைப் படிப்பாள் ஆதலால், ஐந்தாம் நாள் காலையில் என்ன உண்டேன் என்பதை எழுதவில்லை.

"நீங்கள் அந்த வானை ஏன் இப்படி வெறுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வெறுக்கேல்லை அண்ணை. ரெண்டு வருசத்தில நான் அதுக்குள்ள இருந்ததைவிட அதைத் தள்ளினதுதான் கூட. இவர் உள்ளுக்கு இருந்து 'இன்னும் கொஞ்சம்' எண்டுவார்."

சேவியர் ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கண்ணின்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி ஒட்டப்பட்டிருந்தது.

பிற்பகல் அக்குறணைக்குச் சென்றோம். மாத்தளை வீதியில் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர் அது. எஞ்சினைக் கட்டிய நிஸாமின் கராஜ் ஒரு துணிக்கடையின் பின்னே இருந்தது. நிஸாம் அறுபதை நெருங்கியவர். நரைத்த தாடியின் ஒரு முனையில் மட்டும் கிரீஸ் கறுப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேர்தானா அந்த ரெண்டாங்கியர் சேர்?" என்றார்.

சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் என் கடிதம் ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. அடிக்கோடிட்ட வாக்கியத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்தின் மேல் ஒரு பெருவிரல் எண்ணெய் அடையாளம். கராஜுக்கு வந்துபோகிறவர்கள் யாவரும் அதைப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

"கணக்குப் போட்டு எழுதியது" என்றேன்.

"கணக்கு சரியா ஈக்கும் சேர். மலைக்கு அந்தக் கணக்கு தெரியுமா எண்டுதான் தெரியல்ல" என்றார் நிஸாம்.

பிறகு அவர் விதிகளைச் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஐந்நூறு கிலோமீட்டர்வரை வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது. அதற்காக உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது. ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால்தான் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு தேய்ந்து பொருந்தும். மிகவும் தாங்கினால் சுவர் வழவழத்துப்போய், ஆயுள் முழுவதும் எண்ணெய் குடிக்கும். தினமும் காலையில் ஒயில் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த எஞ்சினுக்கு அதுதான் இரத்தமும் தண்ணீரும். "எல்லாத்திலயும் பெரிய விசயம் ஒண்டு. மேட்டுல முக்க விடாதீங்க. முக்க முந்தி கியரக் கொறச்சிடுங்க." பாரம் தாளாமல் எஞ்சின் திணறுவதை அவர் முக்குவது என்றார். அச்சொல்லை நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதத் தகுந்ததாகத் தோன்றவில்லை.

மெதுவாகச் செல்லும் வண்டியின் பின்னால் ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது. தகரப் பலகை தயாராக இருந்தது. தமிழ் வாசகத்தை நானே இயற்றுவதாகச் சொன்னேன். சேவியர் எஞ்சின் என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். தேவையில்லை என்று விளக்கினேன். "பழகுகின்றது" என்பது அஃறிணை வினைமுற்று. பழகுவது ஆள் அன்று, பொருள் என்பதை முற்றே உணர்த்திவிடும். மேலும், ஓடுவது எஞ்சின், ஓட்டுபவன் மனிதன். ஆகவே, "ஓடிப் பழகுகின்றது, முந்திச் செல்க." ஒரு சொல்லும் மிகையில்லை.

புஷ்பம் பலகையைப் பார்த்துவிட்டு, "நல்ல தமிழ் அண்ணை" என்றார். அவர் முகத்தில் தோன்றிய புன்னகையைப் பாராட்டென்று கொண்டேன். கீழே சேவியர் சிங்களத்தில் தமக்குத் தோன்றியதை எழுதினார்.

இரண்டாம் நாள், முறைப்படி பெற்ற தற்காலிக ஓட்டுநர் அனுமதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளை முழுக்கைச் சட்டையோடு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். இந்த வானில் முன்புறத்தில் ஒன்றுமே இல்லை. முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அதற்கு அப்பால் உலகம். எஞ்சின் பின்னால் தனக்குள் பேசிக்கொண்டு வருகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின்மேல் ஏறியபோது, நான் ஒரு பலகணியில் உட்கார்ந்துகொண்டு ஆற்றைக் கடப்பதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. காரணமில்லாமல் சிரிப்பது என் வழக்கமன்று, இருமலாக மாற்றிக்கொண்டேன்.

பாதசாரிகளுக்கான மஞ்சள் கடவையில் ஒருவர் கால் வைத்ததும் பேருந்து நிற்பதை இங்கேதான் கண்டேன். திருநெல்வேலிச் சந்திப்பில் அப்படி நின்றால் பின்னால் வருபவர் இறங்கி வந்து உடல்நலம் விசாரிப்பார்.

குண்டசாலையைத் தாண்டித் திகன நோக்கிச் செல்லும் பாதையில் ஐம்பதுக்கு ஏற்றி, முப்பதுக்கு இறக்கி, மீண்டும் ஐம்பத்தைந்துக்கு ஏற்றினேன். ஒரு விந்தையைக் கவனித்தேன். பின்னால் வந்தவர்களில் பலர் ஒழுங்காக முந்திச் சென்றார்கள். சிலர் மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்து வேகம் குறைத்து, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு த்ரீவீலர்காரர் கூடவே வந்து, "ஐயா, ஸ்டியரிங்க அப்புடி இறுக்கிப் புடிக்காதீங்க. லேசா புடிங்க" என்றார். ஒரு லொறியிலிருந்து, "பிரேக்ல கால வச்சிக்கிட்டே ஓடாதீங்க" என்று குரல் வந்தது. கண்டிக்காரர்கள் பொதுவாகவே உதவும் குணம் உடையவர்கள் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

மூன்றாம் நாள், அக்குறணைக்கு வெளியே போக்குவரத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"எல் போர்ட் எங்க?"

"எதற்கு?"

"பின்னுக்கு எழுதியிருக்கே. சரி, பழக்குறவர் யாரு?"

சேவியர் அமைதியாகக் கையைத் தூக்கினார். கான்ஸ்டபிள் குனிந்து, அவருடைய ஒற்றைக் கண்ணையும் மூடியிட்ட மற்றக் கண்ணையும் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என் அனுமதிப் பத்திரத்தை வாங்கி, பிறந்த ஆண்டைப் படித்தார். அவருடைய தொனி மாறியது. "இந்த வயசுல பழகுறது பெரிய விசயம் ஐயா. மெதுவா போங்க."

நாங்கள் நூறு மீட்டர் கடக்கும்வரை சேவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கண்மூடி கழன்று விழுந்தது. இங்கே 'ஓடிப் பழகுது' என்றால் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது என்றுதான் பொருளாம். அவர் எழுதிய சிங்கள வாசகத்தில் எஞ்சின் என்ற சொல் தெளிவாக இருந்தது. ஆகவே சிங்களம் படித்தவர்கள் முந்திச் சென்றார்கள். தமிழ் படித்தவர்கள் அறிவுரை சொன்னார்கள்.

"ஆனால் அஃறிணை முற்று இருக்கிறதே" என்றேன். "ஓர் ஆளைக் குறித்துப் 'பழகுகின்றது' என்று யாராவது சொல்வார்களா?"

விடை வத்தேகமவில் ஒரு தேநீர்க் கடையில் கிடைத்தது. நான் உள்ளே பிளேன்டீயும் பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு திரும்புகையில், வானின் பின்னே இருவர் நின்று பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடிப் பழகுகின்றது. என்னாண்ணே பழகுது?"

"தெரியலையா? முன்னுக்கு ஒரு கிழம் ஒக்காந்திருந்திச்சே. அதுதான் பழகுது."

கையில் தேநீரோடு நின்றுவிட்டேன். கிழம் என்ற சொல் அஃறிணை. கிழம் பழகுகின்றது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் எவ்வளவு நெருக்கமான பொருத்தம். என் இலக்கண அரண் அப்படியே என்மீது சாய்ந்தது. ஒரு புள்ளியைக்கூட அவர்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புஷ்பத்திடம், "நீங்கள் தமிழாசிரியர். முன்பே சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. விளக்கிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

பலகையை மாற்றி எழுதலாம் என்றார் சேவியர். மாற்றினால் தவறை ஒப்புக்கொண்டதாகும். அப்படியே இருக்கட்டும் என்றேன். நான்காம் நாள் முழுவதும் அதனோடு ஓட்டினேன். இருபது பேராவது அறிவுரை கூறினார்கள். அவற்றுள் இரண்டு பயனுள்ளவை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் எஞ்சின் மாறிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் அதன் ஓசை இறுகிய தொண்டையிலிருந்து வருவதுபோல் இருந்தது, வெப்பம் மிகுதி, காலையில் எஞ்சினின் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் சற்றே குறைந்திருக்கும். நான்காம் நாள் குறைவது நின்றது. மிதித்தவுடன் தயங்காமல் எழுந்தது. அன்று காலை அளவுகோலைத் துடைக்கத் துணி தேடாமல் என் வேட்டியின் நுனியிலேயே துடைத்துவிட்டேன். அந்தக் கறையைக் கண்டு புஷ்பம், "இனி நீங்கள் ஊருக்குப் போகேலாது" என்றார்.

ஐந்நூறு நிறைந்தது. வெள்ளிக்கிழமை விடியலில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், நிஸாம் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தார். சூட்டோடு அளந்தால் அளவு பொய் சொல்லும் என்றார். பிறகு சற்றே ஓடவிட்டுப் பழைய ஒயிலை வடித்தார். ஒரு துளியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உலோகத் தூளின் மிக நுண்ணிய மினுக்கம். "இது எல்லாம் வெளிய வரணும் சேர். முதல் ஓட்டத்துல தேஞ்சது. இப்ப ரிங்கும் சுவரும் கூட்டாளிமார்." தனக்குள் ஒட்டாமல் உரசிக்கொண்டிருந்தவை உதிர்ந்த பிறகே ஓர் எஞ்சின் நன்றாக ஓடும் என்பதை நான் வகுப்பில் ஒருமுறையும் சொன்னதில்லை. உராய்வை இழப்பு என்றே கற்பித்து வந்தேன்.

சனிக்கிழமை. வானில் நான், சேவியர், புஷ்பம், நிஸாம். கோவிலுக்கு இரண்டு மூட்டை அரிசி. நிறைந்த தண்ணீர்த் தொட்டி. அடுப்பு, பாய், ஒரு குலை வாழைப்பழம். நிஸாம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். என் கடிதத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பன்விலவரை பாதை நாகரிகமாக நடந்துகொண்டது. அதன் பிறகு மலை எங்களைக் கவனிக்கத் தொடங்கியது. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே பாதை குறுகியது. வளைவு முடியும் முன்பே அடுத்த வளைவு வந்தது. எங்கள் ஊர் மாஞ்சோலைப் பாதையில் பயணியாகப் போயிருக்கிறேன், அப்போது தூங்கிவிட்டேன். இங்கே கண்ணிமைக்கவும் அவகாசமில்லை. இரண்டாம் கியரில் வான் பாடிக்கொண்டே ஏறியது. ஒரு வளைவு, இரண்டு, ஐந்து. என் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் மெய்யாகிக்கொண்டிருந்தது. நான் இருமவில்லை, வாய்விட்டே சிரித்தேன். சேவியரும் சிரித்தார். பின்னால் ஒரு தோட்டத்துப் பேருந்து வந்து சேர்ந்துகொண்டது, முந்த இடமில்லை. அதன் நடத்துநர் படியில் தொங்கியபடி எங்கள் பலகையைச் சத்தமாக வாசிப்பது கேட்டது.

"பெரியவர் பழகுறாரு, ஹாரன் அடிக்காதீங்கண்ணே" என்றார் ஓட்டுநரிடம். பேருந்தில் சிரிப்பு. ஹாரன் அடிக்கவில்லை.

பிறகு அந்த வளைவு வந்தது. பாதை தன்னைத்தானே மடித்துக்கொண்டு, வலப்புறமாக, கூரைபோல எழுந்தது. வான் மூக்கைத் தூக்கியது. பின்னால் பாட்டின் சுருதி இறங்கிற்று. மிதியைத் தரையோடு அழுத்தினேன். சுருதி இன்னும் இறங்கியது.

"முக்குது சேர்" என்றார் நிஸாம். அவ்வளவுதான்.

முதலாம் கியருக்கு இறங்கினால் வண்டி ஏறும். ஆனால் அடிக்கோடிட்ட என் வாக்கியம் பொய்யாகும், அதுவும் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்திருக்கும் மனிதர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது. இறங்காவிட்டால், பழகி வந்த எஞ்சினை நானே வதைத்ததாகும். அது அணைந்து வான் நின்றுவிடவும் கூடும். நின்றால் பல்லேகல, ரோல்ஸ், தேநீர். மாற்றும்போது கியர் சரியாக விழாவிட்டாலும் நிற்கும். புஷ்பம் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தள்ளுவதற்கு இறங்கும் பழக்கம். சேவியரைப் பார்த்தேன். கண்மூடிக்குப் பின்னே இருந்த கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

கிளச்சை மிதித்தேன். வான் ஒரு கணம் எடையின்றி நின்றதுபோல் இருந்தது. எஞ்சினைச் சற்று உறுமவிட்டு, கம்பியை முதலாம் கியருக்குத் தள்ளினேன். ஒரு முறை பல் கடித்தது. பிறகு உள்ளே அமர்ந்தது. கிளச்சை விட்டேன். வான் ஒரு குலுக்கலோடு வளைவைப் பற்றிக்கொண்டு, பொறுமையாக, மாட்டின் நடையில், ஏறியது. நிற்கவில்லை.

பேருந்தில் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது, பெரும்பாலும் உரை முடிந்ததற்காக. இது வேறு.

மடுல்கெல்ல கோவில் முன்றிலில் எஞ்சினை உடனே அணைக்காமல் சிறிது ஓடவிட்டேன். ஏறிய சூடு தணிய வேண்டும். பேருந்தும் அங்கே நின்றது. நடத்துநர் இறங்கி வந்து, பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழகிருச்சு ஐயா."

அவர் சொன்னது எஞ்சினையா என்னையா என்று நான் கேட்கவில்லை. அஃறிணை முற்று இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது.

புஷ்பம் தள்ளி நின்று தொலைபேசியில் பேசினார். "ஓம். ஓம். இல்லை, அது விக்கிறேல்லை. நீங்கள் வேற வான் பாருங்கோ." திரும்பி வந்து, "கண் சுகமானதும் திருகோணமலைக்குப் போவம்" என்றார் கணவரிடம். "ஆனால் நான் முன்னுக்குத்தான் இருப்பன்." சேவியர் வாழைப்பழத்தை உரித்து முதல் துண்டை அவருக்குக் கொடுத்தார். கண்மூடியை நீக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மருத்துவர் கண்ணைத் தொடக் கூடாதென்று சொல்லியிருந்தார்.

நிஸாம் கடிதத்தை எடுத்து நீட்டினார். "சேர், வச்சிக்கங்க. சொவர்ல வேற ஏதும் மாட்டுறன்."

நான் அவரிடம் பேனா கேட்டேன். "இரண்டாம் கியரிலேயே" என்பதன் அருகே, "ஒரு வளைவு நீங்கலாக" என்று எழுதி, கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். திருத்தப்பட்ட கடிதத்தை ஆணியிலேயே மாட்டச் சொன்னேன். அவர் அதை இருமுறை படித்துவிட்டு, "இப்பதான் கணக்கு மலைக்கு வெளங்கும்" என்றார்.

திரும்பும்போது தகரப் பலகையைக் கழற்றி எனக்குத் தந்தார்கள். எஞ்சினுக்கு இனி அது தேவையில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். மதுரை விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பலகையை எடுத்து, தூரப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"ஓடிப் பழகுகின்றது. எது சார் பழகுது?"

எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் என் பழைய மாணவர்போலத் தெரிந்தார்.

"கிழம்" என்றேன்.

இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை.